மல்லாங்கிணறு ரோட்டில் ஓட்டிப் பார்த்த வேன்

சேசுராஜ் வேன் வாங்கப் போகிறான் என்பது சிவகாசியில் அவன் வேலை பார்த்த அச்சகத்தில் எல்லோருக்கும் தெரியும். காலண்டர் சீசன் முடிந்து வேலை குறைந்த அந்த மாசி மாதத்தில், டீ குடிக்கிற நேரமெல்லாம் அவனுக்கு அதே பேச்சுதான். எந்த வண்டி டீசலைக் குடிக்கும், எதில் மூன்றாவது சீட்டில் முழங்கால் இடிக்காது, எது திரும்ப விற்றாலும் விலை போகும் என்று ஒவ்வொரு டிரைவரையும் நிறுத்திக் கேட்டுவைத்திருந்தான்.

அப்பாவுக்காகத்தான் வாங்குவதாகச் சொல்வான். அது பொய்யில்லை. அவன் அப்பா ஆரோக்கியம் விருதுநகரில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் பக்கவாதம் வந்ததிலிருந்து இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார். பஸ் ஏற முடியாது. கோயிலுக்குக்கூட ஆட்டோதான்.

சூலக்கரையில் கனகசபாபதி என்ற பருப்பு வியாபாரி தன் ஏழு சீட் வேனை விற்கப் போவதாகத் தெரியவந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அப்பாவையும் மனைவி ஆஷ்லினையும் கூட்டிக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனான்.

வாசலில் வண்டி கழுவித் துடைத்து நின்றது. சேசுராஜ் பானட்டைத் திறந்து பார்த்தான். டயர்களைத் தடவினான். குனிந்து அடிப்பக்கம் துரு இருக்கிறதா என்று தேடினான்.

"பிள்ளைக ரெண்டும் கல்யாணமாகிப் போயிருச்சு. எங்க ரெண்டு பேருக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய வண்டி?" என்றார் கனகசபாபதி. "ஓட்டிப் பாருங்க சார்."

ஆரோக்கியத்தின் கால் படிக்கு எட்டவில்லை. சேசுராஜ் பின்னாலிருந்து அக்குளில் கைகொடுத்து அவரைத் தூக்கி நடு சீட்டில் ஏற்றினான். ஏற்றிக்கொண்டே, "ஷாக் அப்சார்பர் மாத்தியிருக்கீகளா?" என்று கனகசபாபதியிடம் கேட்டான். எதிர்வீட்டு வாசலில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால் நீட்ட இடமிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி ஆஷ்லினைக் கடைசி சீட்டுக்கு அனுப்பினான். கனகசபாபதி முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

மல்லாங்கிணறு ரோட்டில் வண்டி நன்றாக ஓடியது. ஏசி பின்சீட்டு வரை குளிர்ந்தது. சேசுராஜுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"சேசு, கொஞ்சம் ஓரமா நிறுத்துலே," என்றார் அப்பா.

"இருங்கப்பா. ரோடு காலியா இருக்கு, இழுவையைப் பார்த்திருவோம்."

காலையில் சாப்பிட்ட நீர் மாத்திரையால் சிறுநீர் முட்டுவதை, கனகசபாபதி முன்னால் வைத்துச் சொல்ல ஆரோக்கியத்துக்கு வாய் வரவில்லை. சற்றுப் பொறுத்து மறுபடியும், "நிறுத்தேன்லே," என்றார்.

"ஏங்க, மாமா நிறுத்தச் சொல்றாக," என்றாள் பின்னாலிருந்து ஆஷ்லின்.

"இந்தா திரும்பியாச்சு, வீட்டுக்குத்தான் போறோம்." சேசுராஜ் வேகத்தடையில் வேண்டுமென்றே பிரேக் போடாமல் ஏற்றி இறக்கினான். வண்டி குலுங்கவில்லை. "பரவாயில்லையே," என்று கனகசபாபதியைப் பார்த்துச் சிரித்தான். அதன்பிறகு அப்பா நிறுத்தச் சொல்லவில்லை.

சூலக்கரைக்கு வந்து இறங்கி, கதவு தடையில்லாமல் நகர்கிறதா என்று பார்க்கத்தான் நடுக்கதவை இழுத்தான். சாம்பல் நிற சீட் அப்பாவின் தொடைக்குக் கீழே கறுத்து நனைந்திருந்தது. பூசைக்கென்று தேய்த்துக் கட்டிய வேட்டி ஒட்டிக்கிடந்தது. அவர் மடியில் கைக்குட்டையை விரித்துப் போட்டுக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தார்.

"சொல்லியிருக்கக் கூடாதாப்பா?" குரல் உயர்ந்துவிட்டது. கனகசபாபதி திரும்பிப் பார்த்தார்.

"சொன்னேனே," என்றார் அப்பா, மெதுவாக.

சேசுராஜுக்கு முகமெல்லாம் எரிந்தது. முதலில் வந்தது, இன்னொருவர் வண்டியில் இப்படி ஆகிவிட்டதே என்ற வெட்கம். அடுத்த நொடியே, அப்பாவை நினைக்காமல் வண்டியை நினைத்து வெட்கப்பட்டது உறைத்தது. கை நீட்டினான். அப்பா அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

"அவனை அங்கிட்டுப் போகச் சொல்லும்மா," என்றார் ஆஷ்லினிடம்.

அவன் வண்டிக்குப் பின்னால் போய் நின்றான். கனகசபாபதியும் ஆஷ்லினும் பிடித்து அவரை இறக்கினார்கள். "உள்ள வாங்கய்யா. இங்கன பக்கத்துலதான் பாத்ரூம்," என்று கனகசபாபதி சொல்வது கேட்டது. அவர் மனைவி வீரலட்சுமி ஒரு சலவை வேட்டியை எடுத்து வந்து ஆஷ்லினிடம் கொடுத்தாள்.

சேசுராஜ் வாளியில் தண்ணீர் பிடித்து, சோப்புப் போட்டு சீட்டைத் தேய்த்துக் கழுவினான். விடுங்கள் என்று கனகசபாபதி தடுத்தும் கேட்கவில்லை.

"வண்டியை நானே எடுத்துக்கிறேன்," என்றான் நிமிராமலே.

"இதுக்காகவா? வேண்டாம் சார்." கனகசபாபதி வாளியை வாங்கி ஓரமாக வைத்தார். "அய்யா ஏற முடியாமச் சிரமப்பட்டதை நான் பார்த்தேன். அவருக்குத் தோதுப்படாதுன்னு அப்பவே தெரியும். வித்தாப் போதும்னு வாயை மூடிக்கிட்டேன்."

சேசுராஜ் நனைந்த கையைத் துடைத்துக்கொண்டான். ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தார்கள்.

சாயங்காலம் அப்பாவின் கட்டிலருகே போய் உட்கார்ந்தான். "தப்புதான்பா," என்றான்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல வண்டிலே. எனக்குத்தான் ஆகல."

"எது ஆகலன்னு சொல்லுங்க."

"கால் எட்டல. பிடிச்சு ஏறக் கம்பி இல்ல. ஜன்னலை அடைச்சதும் மூச்சு முட்டுச்சு." இடது காலைத் தடவிக்கொண்டார். "மூட்டையைத் தூக்குற மாதிரி தூக்குன. தெருவே பார்த்துச்சு."

இத்தனை நாளாக ஊரெல்லாம் விசாரித்தவன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைச் சொல்லிக்காட்டாமல் அப்பா கண்ணை மூடிக்கொண்டது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வீரலட்சுமி கொடுத்த வேட்டியைத் துவைத்துத் தேய்த்து வைத்தான். சூலக்கரைக்குப் போக அவனுக்குக் கால் எழவில்லை. ஆஷ்லின்தான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஆடியில் ஒரு பழைய சின்ன வேன் வாங்கினான். ஏசி கிடையாது, மேட்டில் முனகும். ஆனால் படி தாழ்வு. பட்டறையில் கொடுத்து உள்பக்கம் ஒரு கம்பி வைக்கச் சொன்னான். அப்பா தானே பிடித்து ஏறி உட்கார்ந்து பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் அதற்கு விலை பேசினான்.

"இம்புட்டு நாளா அலசி ஆராஞ்சு, கடைசியில இதையா எடுத்த?" என்று அச்சகத்தில் சிரித்தார்கள்.

"படி தாழ்வா இருக்கு," என்றான் சேசுராஜ். அதற்குமேல் கேட்டபோது, மெஷினில் தாள் சிக்கியிருப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனான்.