இரண்டு விரல்

…வேகப்பந்துதான் கேட்க வேண்டும், வேறென்ன கேட்பது, முதல் தளத்தில் நிற்கிறவன் ஓடப்போகிறான், அவன் கால் மண்ணைப் பிறாண்டுவதிலேயே தெரிகிறது, வேகப்பந்து வந்தால் வாங்கின கையோடு இரண்டாம் தளத்துக்கு எறிந்து அவனை வீழ்த்திவிடலாம், அந்த ஒரு எறியைப் பார்க்கத்தானே வலைக்குப் பின்னால் பெரிய பேஸ்பால் அணியின் ஆள் மதியத்திலிருந்து என் எறியை அளக்கக் கடிகாரமும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்… மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிக்க அவர்களுக்கு அவசரமாக ஒரு கேட்சர் வேண்டுமாம், லேலண்ட் எப்படி என்று என் பெயரைச் சொல்லியே விசாரித்தாராம். முப்பத்தொரு வயது கேட்சரை யார் விசாரிப்பார்கள்? எந்தப் பெரிய அணிக்கும் சேராத எங்களைத் தேடி, சோளக்காட்டை ஒட்டிய இந்த மைதானத்துக்கு, ஊர்க்காரர்கள் வீட்டு மாடியறைகளில் ஓசியில் தங்கி பஸ்ஸிலேயே கோடையைக் கழிக்கிற எங்களைத் தேடி இன்னொருவர் வருவாரா? இன்று இதுவரை ஒருத்தனும் ஓடவில்லை. இவன் ஓடுவான். இப்போதே ஓடுவான்.

“என்ன பெருசு, முட்டி கிறீச்சுங்குது, கிரேன் வரச் சொல்லவா?” என்கிறான் மட்டையோடு நிற்கிற ராய்ஸ். உன் தாடியில ஒட்டின கடுகுச் சாஸை முதல்ல தொடைடா என்கிறேன், பின்னால் அம்பயர் சிரித்துவிடுகிறார், “பேச்சைக் குறைங்கப்பா, எனக்கு வீட்டுக்குப் போவணும்”… ராய்ஸ் வாயாடி, ஆனால் வேகப்பந்து என்றால் அவனுக்கு அல்வா, இரண்டைக் கோட்டுக்கு வெளியே வேலி தாண்டி அடித்துவிட்டான், மூன்றாவது உள்ளேயே பறக்கும், இரண்டு பேர் அவுட் ஆகிவிட்டார்கள்தான், ஆனால் நாங்கள் ஒரே ஒரு ஓட்டம்தான் முன்னால் இருக்கிறோம். அவனை ஏமாற்ற வளைபந்து வேண்டும், கடைசி நொடியில் மண்ணில் குத்துகிற பந்து. அதைக் கேட்டால் நான் முட்டி போட்டு நெஞ்சால் அணைக்க வேண்டும், எறிய முடியாது, கடிகாரம் சும்மா கிடக்கும். ஆனால் மேட்டில் நின்று எங்களுக்குப் பந்து எறிகிற எஃப்ராயின்? இன்னொரு ஆட்டத்தைக் கோட்டை விட்டா பெட்டியைக் கட்டிக்கோ என்று மேனேஜர் காலையில் எல்லோர் முன்னாலும் அவனிடம் சொல்லிவிட்டார், கட்டினால் விசாவும் போச்சு, நேரே சொந்த நாடான டொமினிக்கனுக்கு விமானம்தான். அதோ, சிலுவை போட்டுக்கொள்கிறான். கர்த்தரே, நானும் இப்போதுதான் கேட்டுக்கொண்டிருந்தேன், ஒரே நேரத்தில் இரண்டு பேர் கேட்டால் உமக்கு எப்படி இருக்கும்?

அம்பயரிடம் நேரம் கேட்டு மேட்டுக்கு நடக்கிறேன், என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கையுறையால் வாயை மறைத்துக்கொண்டு அவனே முந்திக்கொள்கிறான், “அண்ணே, அந்த ஆளு உன்னைப் பாக்கத்தானே வந்திருக்காரு? வேகப்பந்தே கேளு. நான் போடறேன்.” ராய்ஸ் அடிச்சா? “அடிச்சா அடிக்கட்டும். என் கல்யாணத்துக்கு டிவியில இருந்து வாழ்த்துச் சொல்லு.” சிரிக்கிறான், உதடு காய்ந்திருக்கிறது… படுபாவி, இப்படிக் கொடுத்தால் நான் எப்படி வாங்குவேன்? வளைபந்தை மண்ணுலயே குத்து, என் நெஞ்சு சும்மாதான் இருக்கு என்கிறேன். “பின்னால போயிட்டா?” போகாதுடா. போக விடமாட்டேன்.

உட்காருகிறேன், முட்டி கத்தட்டும், வளைபந்துக்கான இரண்டு விரலைக் கீழே காட்டுகிறேன், அவன் தலையசைக்கத் தயங்குகிறான், மறுபடியும் அதே இரண்டு விரல், போடு, போடுடா… ஓடுறான் ஓடுறான் என்று எங்கள் ஆட்கள் கத்துகிறார்கள், ஓடட்டும், பந்து உயர்ந்து, தொங்கி, விழுகிறது, ராய்ஸின் மட்டை காற்றை வெட்டுகிறது, மண் கண்ணில் தெறிக்கிறது, மார்பெலும்பில் ஓர் இடி, பந்து என் மடி முன்னாலேயே கிடக்கிறது, மண்ணில் பட்டதால் ஆளைத் தொட்டால்தான் அவுட், அள்ளி ராய்ஸின் இடுப்பில் வைக்கிறேன், மூன்றாவது ஆளும் அவுட், எஃப்ராயின் மேட்டிலிருந்து கத்திக்கொண்டே குதித்து வருகிறான். இன்னும் கடைசி இன்னிங்ஸ் இருக்கிறது, அதையும் இவனோடு முடிக்கிறேன், இன்று இவன் பெட்டி கட்டப்போவதில்லை.

ஓடினவன் இரண்டாம் தளத்திலிருந்து திரும்பி என்னைக் கடக்கிறான், “எறியக்கூட இல்லியே பெருசு, கை செத்துப்போச்சா?” உரக்கத்தான் கேட்டான், வலைக்குப் பின்னால் இருக்கிறவர் காதில் விழாமல் இருக்காது… வலிக்க வேண்டும் இது, போன மாதம் என்றால் சட்டையைப் பிடித்திருப்பேன். நான் சிரித்துவிட்டேன். உள்ளே தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன், வலியைக் காணோம். இது நல்லதா, அல்லது எனக்குள் இருந்த ஆட்டக்காரன் என்னைவிட்டு எழுந்து போய்விட்டானா…