பூக்காத நாஸ்டர்ஷியம்

விதை ஊன்றி நூற்றுப் பதினொரு நாட்களாகிவிட்டன. ஒரு பூ இல்லை. இலை மட்டும் வெறிபிடித்ததுபோல் வளர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றும் காப்பி சாஸர் அளவு. பால்கனிக் கம்பியைத் தாண்டி, கீழ்வீட்டு ஜன்னல்வரை தொங்கியது.

பாலைவன ஊரான டூசானின் வெயிலில் நாஸ்டர்ஷியத்துக்குக் குளிர்காலம்தான் ஆயுள். அக்டோபரில் ஊன்ற வேண்டும். ஏப்ரல் வெயில் வந்தால் கதை முடிந்தது. நான் விதையை ஓர் இரவு ஊறவைத்து, காலி மிளகாய் டின்களின் அடியில் ஓட்டை போட்டு, மணல் கலந்த மெலிந்த மண்ணில் ஊன்றினேன். மெலிந்த மண், வேண்டுமென்றேதான். சத்து கூடினால் இந்தக் கொடி இலையாகப் போட்டுத் தள்ளும், பூக்காது. தாவரவியல் படித்தவளுக்கு இதுகூடத் தெரியாதா?

தெரியும். ஆனால் முளை வந்த வாரம் கீழ்வீட்டு ரமிரோ ஒரு வாளியோடு படியேறி வந்தார்.

"குதிரை லாயத்துல வேலை பாக்குறேன்ல? இது லத்தி. ஆறு மாசம் மக்கினது. உங்க செடிக்கு." பிறகு ரகசியம்போலக் குரலைத் தாழ்த்தினார். "கொரினாவோடது. அங்க இருக்கிற குதிரைங்கள்ல அவதான் நல்லா சாப்பிடுறவ."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "தேங்க்ஸ்" என்று வந்தது.

அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அதற்கடுத்ததும். வாளியைக் கொட்டிவிட்டுக் கம்பியில் சாய்ந்து நின்று, அந்த வாரம் எந்தக் குதிரை யாரைக் கடித்தது என்று சொல்வார். நான் பேசமாட்டேன், சிரிப்பேன். அவர் போனபின் கட்டிலில் குப்புற விழுந்து மிச்சத்தையும் தலையணைக்குள் சிரிப்பேன். வெள்ளிக்கிழமைகளில், நான் வேலை பார்க்கும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கழுவின குடுவையையே திரும்பத் திரும்பக் கழுவினேன். உறைபனி விழும் என்று வானொலியில் சொன்ன மாலை, கொரினாவின் போர்வையைக் கொண்டுவந்து டின்களுக்குப் போர்த்திவிட்டார். வீடே லாயமாக மணத்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

என் தங்கை பிரிசாவுக்குப் பிடிக்கவில்லை.

"பூங்கொத்து கொண்டு வர்ற ஆளைப் பாத்திருக்கேன்க்கா. சாணி கொண்டு வர்ற ஆளை இப்பத்தான் பாக்குறேன்."

"லத்தி," என்று திருத்தினேன்.

"அடேங்கப்பா! நாலு வருஷம் செடியைப் பத்திப் படிச்சு ஒரு பூ வரவைக்கத் துப்பில்ல, லத்திக்கு மட்டும் வக்காலத்து!"

உரத்தை நிறுத்தினால் பூ வரும். ஆனால் உரம் வேண்டாம் என்றால் வாளி எதற்கு? வாளி இல்லாமல் அவர் எதைச் சாக்காக வைத்துப் படியேறுவார்? அதனால் ஒரு கைப்பிடிகூட மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் டின்களிலேயே போட்டேன்.

அந்தச் சனிக்கிழமை அவர் வெறுங்கையோடு வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"என் கைதான் சரியில்ல போலங்க. லாயத்துல நான் வச்ச தக்காளியும் இதே கதைதான். கீழே இருந்து தினமும் அண்ணாந்து பாக்குறேன், மனசுக்குக் கஷ்டமா இருக்கு. இனிமே உங்க செடியைத் தொடமாட்டேன். வெயில் வர்றதுக்குள்ள ஒரு பூவாவது பாருங்க."

தொப்பியை மாட்டிக்கொண்டு படியில் இறங்கத் தொடங்கினார். சமையலறையில் முட்டை பொரித்துக்கொண்டிருந்த பிரிசா அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. ஒட்டுக்கேட்க வசதியாக.

"ரமிரோ, உங்க கையில ஒரு குறையும் இல்ல."

நின்றார். "பின்ன?"

"லத்திதான். சத்து அதிகமானா இது பூக்காது."

"அப்படியா?" என்று யோசித்தார். "தக்காளியும் அதனாலதானா?"

"இருக்கும்."

"அட! இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"முதல் வாளியிலயே."

"முதல் வாளியிலயேவா?" இரண்டு படி மேலே ஏறி வந்தார். "நான் மூச்சு வாங்க மூச்சு வாங்கத் தூக்கிட்டு வந்தேனே! தெரிஞ்சும் ஏங்க வாங்கிப் போட்டீங்க?"

உள்ளே பிரிசாவின் தும்மல்போல ஒரு சிரிப்பு. என் காது இரண்டும் சுட்டன. கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"போடலைன்னா நீங்க வரமாட்டீங்களே."