சவ ஊர்வலத்தில் விற்ற ஈ.டி.எஃப்.

சாலை அகலப்படுத்த நிலம் எடுத்ததில் வந்த ஆறு லட்சத்தை அரியூர் பிலவேந்திரனும் அவர் மனைவி பாத்திமா மேரியும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சேர்த்துப் போட்டால் சண்டை வரும் என்று பிரித்தார்கள். பிரித்த பிறகு தினமும் வந்தது.

மேரி தன் பங்கை மியூச்சுவல் ஃபண்டில் போட்டாள். அவள் சித்தப்பா மகள் லூசிதான் ஏஜென்ட். அவளே ஃபாரம் நிரப்பிக் கையெழுத்து வாங்கிப் போனாள். பிலவேந்திரன் ஈ.டி.எஃப். வாங்கினார். இரண்டிலும் இருந்தது அதே ஐம்பது கம்பெனிகளின் பங்குகள்தான்.

"அப்பறம் இன்னாங்க வித்தியாசம்?"

"உன்னுத எப்ப வித்தாலும் சாயங்காலம் போடற ஒரே வெலதான். என்னுது ஷேர் மாதிரி. மார்க்கெட் ஓடறப்ப எந்த நிமிஷமும் விக்கலாம். செலவும் கம்மி. சுதந்திரம்டி!"

சுதந்திரம் வந்த நாள் முதல் மனிதர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சும்போதும் போன், கல்யாணப் பந்தியிலும் போன். பெரிய வெள்ளி மார்க்கெட்டுக்கு விடுமுறை என்பதால் அன்று மட்டும் ஆண்டவருக்காகத் துக்கப்பட நேரம் கிடைத்தது.

ஜூலையில் மேரியின் தாய்மாமன் அந்தோணிசாமி இறந்தார். திங்கட்கிழமை மதியம் இரண்டரைக்கு அடக்கம். அன்று காலையிலிருந்தே மார்க்கெட் சரிந்துகொண்டிருந்தது. சவப்பெட்டியின் முன் மூலையைத் தோளில் சுமந்து போன பிலவேந்திரனின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மூன்று லட்சம், இரண்டு லட்சத்து எண்பத்தெட்டாயிரமாகியிருந்தது. இன்னும் இறங்குமோ என்று பயந்து, கிடைத்த விலைக்கு எல்லாவற்றையும் விற்கச் சொல்லி ஒற்றைக் கையால் அழுத்தினார். அந்த நேரத்தில் அதை வாங்க ஆள் குறைவு. உள்ளிருந்த பங்குகளின் மதிப்பைவிடவும் கீழே போய், இரண்டு லட்சத்து எழுபத்தெட்டாயிரத்துக்கு விற்றது.

"ஐயோ, போச்சே!" என்று அலறினார். பெட்டி சாய்ந்தது. பின்னால் வந்த பெண்கள் அவர் பாசத்தைப் பார்த்துக் கூடச் சேர்ந்து அழுதார்கள். சாமியார் தோளைத் தட்டிக்கொடுத்தார். மேரிக்கு மட்டும் விஷயம் புரிந்தது.

"எவ்ளோ?" என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

"இருவத்திரண்டாயிரம்."

"நான் பாருங்க, பொறுமையா இருந்தேன்."

உண்மையில் அவளும் அன்று காலை விற்கப் பார்த்தவள்தான். பாஸ்வேர்டு மறந்துபோய் மூன்று முறை தப்பாகப் போட்டதில் கணக்கு பூட்டிக்கொண்டது. அதை அவள் சொல்லவில்லை.

மூன்று வாரத்தில் மார்க்கெட் பழைய இடத்துக்கே ஏறியது. வயிற்றெரிச்சல் தாங்காமல் பிலவேந்திரன் அவளுக்குத் தபாலில் வந்த ஸ்டேட்மென்டைத் துருவினார். ஏஜென்ட் மூலம் போட்டதால் கமிஷன் போய்க்கொண்டே இருந்தது. நேரடியாகப் போட்டிருந்தால் அது மிச்சம்.

"உன் தங்கச்சி வருஷா வருஷம் நம்ம வூட்டுல சாப்புடறாடி!"

"கிறிஸ்மஸுக்கு மட்டுந்தானே வரா?"

"வராமலே சாப்புடறா!"

மேரியின் முகம் மாறியது. மறுநாளே நேரடித் திட்டத்துக்கு மாற்றும் ஃபாரத்தை அவரையே நிரப்ப வைத்தாள். விற்று வந்த பணத்தை அதே ஃபண்டில் போட, கையோடு அவர் தனக்கும் ஒரு ஃபாரம் நிரப்பினார்.

"ஈ.டி.எஃப்.ல செலவு கம்மின்னீங்களே?"

"கம்மிதான். அது மேல தப்பு இல்ல. எங் கட்டவெரலாலதான் செலவு ஜாஸ்தி."

லூசி இரண்டு மாதம் பேசவில்லை. இருவருக்கும் அதில் பெரிய வருத்தம் இல்லை.