ஏழாவது வரி

வெள்ளிமலை கிளினிக்கிலிருந்து நர்ஸ் ரம்யா மூன்றாவது முறையாகக் கூப்பிட்டாள்.

"இன்னாக்கா ஆச்சு? ஆதிமூலம் தாத்தா நெஞ்சு அமுக்குதுன்னு படுத்துக்கினு இருக்காரு. ஈசிஜி எடுத்து அனுப்பிட்டேன். வரலைன்றாரு டாக்டர்."

"பாத்துக்கினுதான் இருக்கேன்மா," என்றாள் மலர்விழி.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி கணவன் பாரதியுடையது. மூன்று மாதத்துக்கு முன்பு அவன் மலைக்குப் போய், கிளினிக்கையும் ஆஸ்பத்திரியையும் வி.பி.என். போட்டு இணைத்துவிட்டுத் திரும்புகையில் வளைவில் வண்டி சறுக்கியது. அவனுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், அதே படிப்பு படித்தவள் என்று வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள். எல்லாம் செய்தாள். எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று அவன் கடைசியாகத் தொட்ட ஃபயர்வால் பட்டியலை மட்டும் திறக்கவில்லை. ரம்யாவும் இதுவரை ஈசிஜியைப் போனில் படம் பிடித்தே டாக்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். மங்கலான கோட்டைப் பார்த்து இனி எதுவும் சொல்ல மாட்டேன் என்று டாக்டர் நேற்று சொல்லிவிட்டார்.

திறந்தாள். இணைப்பில் கோளாறில்லை. மலையிலிருந்து புறப்பட்டது ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து, பட்டியலின் ஏழாவது வரியில் நின்றுபோனது. மலையிலிருந்து வரும் எதையும் உள்ளே விடாதே என்றது அந்த வரி. பக்கத்தில் பாரதி குறித்திருந்தான்: 'டெஸ்டுக்கு. கீழ வந்து எடுக்கணும்.' ஓரத்தில், அது இதுவரை எத்தனை முறை தடுத்தது என்கிற எண். 4,116. பார்த்துக்கொண்டிருக்கும்போதே 4,117.

எதிர் மேசை தெய்வசிகாமணி எட்டிப் பார்த்தார். "அத்த அழிச்சுடும்மா. ஒரு தட்டு தட்னா போச்சு."

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். அவர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"அக்கா, லைன்ல கீறியா? ஒங்க ஆஸ்பத்திரி கதவு எங்களப் பாத்தா மட்டும் சாத்திக்கும் போல. தாத்தாவ கீழ எறக்க ஜீப்புக்குச் சொல்லட்டா?"

அழுகை வரும் என்று மலர்விழி காத்திருந்தாள். வரவில்லை. ஃபயர்வால் பட்டியலை மேலிருந்துதான் படிக்கும். முதலில் பொருந்துகிற வரியோடு நின்றுவிடும். ஏழாவதுக்கு மேலே இரண்டு வரி எழுதினாள். மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு, விடு. ஆஸ்பத்திரியிலிருந்து மலைக்கு, விடு. பாரதியின் வரி, அழியாமல், ஒன்பதாவதாக இறங்கியது.

"இப்ப அனுப்பு."

மறுமுனையில் ரம்யா பொத்தானைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "போய்டுச்சுக்கா! டாக்டர் பாத்துட்டாரு. வாய்வுதானாம். கறிசோறு ஜாஸ்தி துன்னுட்டு, தாத்தா என்னையே மொறைக்கிறாரு."

"சரிம்மா."

ஒன்பதாவது வரியின் ஓரத்தில் 4,121. தெய்வசிகாமணி சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோதும் 4,121.