பதம் சொல்கிறவர்

மாமனாரின் மீசையில் ஜாம் ஒட்டியிருந்தது.

ஈரத் துண்டால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த மருமகன், முதலில் அதை நரைக்கு நடுவே தப்பிப் பிழைத்த செம்பட்டை முடி என்றுதான் நினைத்தான். இன்னொரு முறை துடைத்தபோது துண்டின் நுனி அங்கே சிக்கி நின்றது. இழுத்தான். ஆரஞ்சு நிறத்தில் ஒரு தீற்றல் துண்டோடு வந்தது. மோந்து பார்த்தான். சந்தேகமே இல்லை. இறந்தவரின் மீசையில் கை வைத்து மோந்து பார்க்கிற மருமகனை யாராவது பார்த்துவிட்டால் ஊர் என்ன பேசும் என்று சட்டென நிமிர்ந்தான். நல்லவேளை, முன்னறையில் மாமனார் மட்டும்தான் இருந்தார். அவர் காட்டிக்கொடுக்கிற ஆள் கிடையாது.

மாமனாருக்குச் சர்க்கரை வியாதி. ஊருக்கெல்லாம் ஜாம் காய்ச்சி விற்கிற மனிதர் ஒரு சொட்டு ஜாமைக்கூட நாக்கில் வைக்கக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. அதை அமல்படுத்துவது மாமியாரின் பொறுப்பு. டாக்டராவது எப்போதாவது லீவு எடுப்பார்.

மருமகனுக்கு மட்டும் உண்மை தெரியும். கல்யாணமான புதிதில் தண்ணீர் குடிக்க, ஜாம் காய்ச்சுகிற வேலைக்கூடத்துக்குப் போனவன், மாமனார் சாஸரை இரண்டு கையாலும் ஏந்தி நக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டான். அவர் பதறவில்லை. சாஸரைக் கீழே வைத்தார். மீசையைத் துடைத்தார். அடுப்புப் பக்கம் திரும்பி, "போதும்" என்றார். முதுகைக் காட்டிக்கொண்டு கிளறிக்கொண்டிருந்த மாமியார் அடுப்பை அணைத்தார். அப்புறம் மாமனார் மருமகனைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். பெண் கொடுத்தவருக்கும் பெண் எடுத்தவனுக்கும் நடுவே இருக்க வேண்டிய மரியாதை அன்றோடு ஒழிந்தது. இருவரும் சிநேகிதர்களாகிவிட்டார்கள்.

"என்னங்க, முகம் துடைக்க இவ்ளோ நேரமா?" என்று கேட்டுக்கொண்டே அவன் மனைவி வந்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

அவன் துண்டை நீட்டினான். அவள் பார்த்தாள். மோந்தாள்.

"அப்பாவா?"

"பின்னே, நானா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, எது முதலில் போவது என்று தொண்டையில் தள்ளுமுள்ளு நடந்தது. "அம்மாகிட்ட மூச்சு விடாதீங்க. சர்க்கரைதான் கொன்னுடுச்சுன்னு ஆயுசுக்கும் புலம்புவாங்க."

"அத்தை எங்க?"

"வேலைக்கூடத்துலயேதான், ஜாம் அண்டாகிட்ட. கூப்பிட்டா வர மாட்டேங்குறாங்க. கொஞ்ச நேரத்துல வண்டி வந்துடும். அதுக்குள்ள ஒரு தடவையாவது வந்து அப்பா மூஞ்சியப் பாக்க வேணாமா? நீங்க போய்ச் சொல்லுங்க. மாப்பிள்ளை சொன்னா கேப்பாங்க."

மாப்பிள்ளை சொல்லி மாமியார் கேட்டதாக அந்தக் குடும்பத்தின் வரலாற்றில் சம்பவம் எதுவும் இல்லை. இருந்தாலும் அவன் துண்டை மடித்து பேன்ட் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு கிளம்பினான்.

மாமனார் ஒரு காலத்தில் நாடகக் குழுவில் பிராம்ப்டர். திரைக்குப் பக்கத்தில் மறைவாக உட்கார்ந்து, மேடையில் நிற்கிறவர்களுக்கு மறந்துபோன வசனத்தைக் கிசுகிசுப்பாக எடுத்துக்கொடுக்கிற வேலை. மாமியார் அதே குழுவின் கதாநாயகி. அழகு இருந்தது, குரல் இருந்தது. ஞாபகம்தான் இல்லை. சோகக் காட்சியில் அவர் பேசாமல் தூரத்தை வெறித்து நிற்பதைப் பார்த்து, என்ன ஒரு நடிப்பு என்று ஜனங்கள் கைதட்டுவார்களாம். அவர் உண்மையில் அடுத்த வரிக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அந்த வரி ஒருநாளும் பிந்தி வந்ததில்லை. வசனமே இப்படியென்றால் வாழ்க்கைக்கும் எடுத்துக்கொடுப்பார் என்று நம்பித்தான் மாமியார் அவரைக் கட்டிக்கொண்டார்.

குழு கலைந்ததும் இருவரும் ஜாம் காய்ச்ச ஆரம்பித்தார்கள். வேலைப் பங்கீடு மட்டும் மாறவில்லை. மாமியார் விளக்கு வெளிச்சத்தில் அண்டாவுக்கு முன்னால் நின்று கிளறுவார். மாமனார் பின்னால் பிரம்பு நாற்காலியில், குளிரவைத்த சாஸர்களோடு உட்கார்ந்திருப்பார். அவ்வப்போது எழுந்து ஒரு சொட்டு எடுத்து சாஸரில் விட்டு, நாற்காலிக்குத் திரும்பி, ஆறியதும் விரலால் மெல்லத் தள்ளுவார். மேலே ஏடு சுருங்கி மடிப்பு விழுந்தால் பதம். "போதும்" என்பார். அந்த ஒரு சொல் வரும்வரை மாமியார் துடுப்பை நிறுத்த மாட்டார். அதற்குப் பிறகு ஒரு கிளறுகூடக் கிளற மாட்டார்.

இன்று காலையில் அந்தச் சொல் வரவில்லை.

வாசனை வந்தது, போனது. நிறம் தேனாக இருந்து வெல்லமாகி, வெல்லம் கறுத்தது. தோள் வலித்தது. ஏதோ புதுப் பக்குவம் பார்க்கிறார் போல என்று நினைத்து மாமியார் கிளறிக்கொண்டே இருந்தார். துடுப்பு அசைய மறுத்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார். மாமனார் மடியில் சாஸரோடு, தலையை ஒருபக்கம் சாய்த்து, வசனம் இல்லாத காட்சி ஒன்றில் ஓய்வெடுப்பவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

வேலைக்கூடத்துக்குப் போகிற வழியில் ரொட்டிக்காரர் மருமகனை மடக்கினார். சந்தையில் ஜாம் கடைக்கு அடுத்த கடை அவருடையது. மாவு பிசைய வருவதற்கு முன் பேண்டு வாத்தியக் குழுவில் டிரம்பெட் ஊதியவர். அதனால் மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது.

"தம்பி! ஒரு ரகசியம்!" என்றார். தெருவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சொல்லி வச்ச வண்டி ரிப்பேராம்! உங்க அத்தைக்குத் தெரிய வேணாம்! என் வேன் எதுக்கு இருக்கு? கழுவிக் கொண்டாந்துடுறேன்!"

"சரிங்க" என்றான் மருமகன். வீட்டில் யாருக்கும் இனித் தெரிய வேண்டியது பாக்கியில்லை.

அவருக்குப் பின்னால் சீஸ்காரம்மா நின்றிருந்தார். நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைந்தவர். குழுவின் எல்லா வானங்களும் அவர் கைவண்ணம்தான். இப்போது மாட்டுப் பாலில் பாலாடைக்கட்டி செய்கிறார். முன்னறையை எட்டிப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த மஞ்சத் திரைய எடுத்துடு தம்பி. அவர் மூஞ்சிக்கு நல்லால்ல" என்றார்.

வேலைக்கூடத்தில் சாஸர்கள் எல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தன. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் முதலில் பாத்திரத்தைத்தான் கழுவுகிறார்கள். அண்டாவில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. வைத்தாலும் பயனில்லை. துடுப்பு அதில் கொடிக்கம்பம் மாதிரி நேராக நின்றது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு மாமியார் உட்கார்ந்திருந்தார்.

"அத்தை, வாங்க. எல்லாரும் வந்துட்டாங்க."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது மாப்ளே?"

அவன் அண்டாவைச் சுற்றி வந்து அவர் எதிரே நின்றான்.

"அவர் எனக்கு ஒரு வரி தப்ப விட்டதில்ல. காய்ச்சல்ல படுத்திருந்த அன்னிக்குக்கூட, போர்வையப் போத்திக்கிட்டு வந்து உக்காந்து சொன்ன மனுஷன். இன்னிக்குச் சொல்லலன்னா என்ன அர்த்தம்? சொல்ல முடியலன்னுதானே? நெஞ்ச அடைச்சிருக்கும். கையக் கால ஆட்டிக் கூப்பிட்டிருப்பாரு. இந்தப் பாழாப்போன ஃபேன் சத்தத்துல எனக்குக் கேக்கல. நான் பாட்டுக்கு முதுகக் காட்டிக்கிட்டு, பக்கத்து வீட்டுக்காரி வாங்கின புது சோஃபாவப் பத்திப் பேசிக்கிட்டிருந்தேன்."

"டாக்டர்தான் சொன்னாரே அத்தை. வலியே தெரியாம, தூக்கத்துல போற மாதிரி போயிட்டாருன்னு."

"அந்த ஆள் எல்லா வீட்லயும் அதையேதான் சொல்றான். ஏணியிலேர்ந்து விழுந்து செத்தவன் வீட்லயும் அதைத்தான் சொன்னான்."

மருமகனின் பாக்கெட்டில் துண்டு தொடையோடு ஒட்டி ஈரமாக உறுத்தியது. சொன்னால் மாமனாரின் மானம் போகும், மனைவி கொல்லுவாள். சொல்லாவிட்டால் இந்த அம்மாள் இந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருப்பார், இன்றைக்கு மட்டுமில்லை. காட்டிக்கொடுக்காத சிநேகிதனை நினைத்துக்கொண்டான். மன்னிச்சுக்குங்க மாமா என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, துண்டை எடுத்து மேஜைமேல் வைத்து, நுனியைப் பிரித்துக் காட்டினான்.

மாமியார் குனிந்து பார்த்தார். தீற்றல் துணியில் பளிச்சென்று இருந்தது. விரல் நகத்தால் அதை ஒரு ஓரத்திலிருந்து மெல்லத் தள்ளினார். அது ஓடவில்லை. கல்லாகவும் இல்லை. மேலே சின்னதாக மடிப்பு விழுந்தது.

"கருகல" என்றார். கொஞ்சம் கழித்து, "பதம் சரியா இருக்கு" என்றார். அந்த வீட்டில் அவர் பதம் சொன்னது அதுதான் முதல் தடவை. "எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"மாமா மீசையிலேர்ந்து."

முன்னறையில் ரொட்டிக்காரர் யாருக்கோ மெதுவாக ஆறுதல் சொல்வது இங்கே வரை கணீரென்று கேட்டது.

"பதம் வந்தாத்தான் அவர் நக்குவாரு அத்தை. அதுக்கு முன்னாடி வாய் வைக்க மாட்டாரு, அதுல ரொம்ப நாணயம். நக்குவாரு, மீசையத் துடைப்பாரு, அதுக்கப்புறம்தான் 'போதும்'பாரு. எப்பவும் இதே வரிசைதான்."

"இன்னிக்கு?"

"நக்கியிருக்காரு. மீசையத் துடைக்கல."

மாமியார் எழுந்தார். பிரம்பு நாற்காலி வரை நடந்து போய், அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து அண்டாவைப் பார்த்தார். இத்தனை வருஷமும் மாமனாருக்கு அவர் முதுகு தெரிந்த இடம்.

"அப்ப அதுக்கு நடுவுல."

"அதுக்கு நடுவுலதான் அத்தை. ரொம்ப சின்ன இடைவெளி."

"எனக்கு அப்பவே தோணுச்சு மாப்ளே, இதான் பதம்னு. வாசனை அப்படியே மேல ஏறி வந்துச்சு. அவர் சொல்லட்டும்னு இருந்தேன். நான் அப்பதான் சோஃபா என்ன கலர்னு சொல்லிக்கிட்டிருந்தேன்."

"கேட்டுக்கிட்டுதான் இருந்திருப்பாரு. வாயில ஜாம் இருந்ததால பதில் சொல்லல."

மாமியார் நாற்காலியின் கைப்பிடியை விட்டார். பிறகு வேறு குரலில் கேட்டார்.

"எத்தனை வருஷமா?"

"எனக்குத் தெரிஞ்சு எங்க கல்யாணத்துலேர்ந்து. அதுக்கு முன்னாடி நடந்ததுக்கு நான் சாட்சி இல்ல."

"உங்களுக்கும் பங்கு குடுத்தாரா?"

"இல்லீங்க அத்தை. ஒரு தடவைகூட இல்ல."

"சர்க்கரை போடாத காபியக் குடுத்தா மூஞ்சிய எப்படி வச்சுக்குவாரு தெரியுமா? பாட்டில்ல ஜாம் ஊத்தும்போது ஒரு பெருமூச்சு விடுவாரு பாருங்க! 'நமக்குக் குடுத்து வைக்கலம்மா'ம்பாரு. நான் தனியா போய் அழுதிருக்கேன் மாப்ளே. உக்காந்து அழுதிருக்கேன்!"

"அவருக்கு நடிக்கவே வராதுன்னு நீங்கதான சொல்வீங்க?"

அது குடும்பத்தில் பிரசித்தமான கதை. ஒருநாள் தபால்காரனாக நடிப்பவர் வராததால் மாமனாரைப் பிடித்து மேடையில் தள்ளினார்கள். ஒரே வசனம், "சார், தபால்." மாமனார் வந்தார், நின்றார், கொண்டுவந்த கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

"ட்ரூப்பே சொல்லும்" என்றார் மாமியார். "இப்ப பாருங்க, கட்டின பொண்டாட்டிய, அதுவும் ஒரு நடிகைய உக்காரவச்சு, இத்தனை வருஷம்..." பாதியில் நிறுத்தினார். யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. தானாகவே முடித்தார். "களவாணி மனுஷன். நல்லாத்தான் பண்ணியிருக்காரு."

முகத்தைக் கழுவினார். தலையைச் சீராக்கிக்கொண்டார். முன்னறைக்கு நடந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. மாமனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முகத்தை மிக அருகிலிருந்து, ஒன்றுவிடாமல் பார்த்தார். அப்புறம் குனிந்து அவர் காதில் ஏதோ கிசுகிசுத்தார். ரொட்டிக்காரர்கூட வாயை மூடிக்கொண்டார்.

"என்ன சொன்னாங்க?" என்றார் சீஸ்காரம்மா, மருமகனிடம்.

"கேக்கலைங்க" என்றான். மனைவி அவனை முறைத்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். பிறகு முறைப்பதை விட்டுவிட்டாள்.

வேன் வந்தது. ரொட்டிக்காரர் கழுவித்தான் இருந்தார். ஆனால் பின்கதவில் சிவப்பு எழுத்தில் பெரிதாக 'தினம் தினம் புதுசு!' என்று எழுதியிருந்ததை எந்தத் தண்ணீராலும் கழுவ முடியவில்லை. கதவைத் திறந்தே வைத்தால் எழுத்து தெரியாது என்று சீஸ்காரம்மா யோசனை சொன்னார். அப்படியே செய்தார்கள். மாமனாரை உள்ளே வைத்ததும், ரொட்டித் தட்டு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, திறந்த கதவுக்கு முதுகைக் காட்டி மாமியார் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிரே, மாவு மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே மருமகன் ஒடுங்கிக்கொண்டான். வேன் நகர்ந்தது. சந்தைக்காரர்கள் பின்னால் நடந்து வந்தார்கள்.

தெருமுனை திரும்பும்போது மாமியார் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அவர் முகம் தெரிந்தது மருமகனுக்கு மட்டும்தான். தனக்கும் சிரிப்பு வந்துவிடும் போலிருந்ததால் அவன் சட்டென்று மாவு மூட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பின்னால் வந்தவர்கள், குலுங்கிக்கொண்டிருந்த அந்த முதுகைப் பார்த்து, நடையை இன்னும் கொஞ்சம் மெதுவாக்கினார்கள்.