ஆடும் தரையில் நூறு கிலோ

கரோலின் தோளில் நூறு கிலோ. உட்கார்ந்தாள். எழும்போது முட்டி இரண்டும் நடுங்கின. போன மாதம் இதே கால்கள் நூற்றைந்தை அலட்சியமாகத் தூக்கியவை.

"இன்னா கரோல், ஒழுங்கா துன்றியா இல்லியா?" என்றார் பயிற்சியாளர் அமீன். "மாவட்ட வலுதூக்கும் போட்டிக்கு நூத்திப்பத்து வேணும். இன்னிக்கே பேர் குடுக்கணும். கீறது ஒரே எடம்."

அந்த இடத்துக்கு இன்னொரு ஆள் சரண்யா. அவளும் நூறிலேயே சிக்கிக்கொண்டிருந்தாள்.

கரோல் குனிந்து பார்த்தாள். ஷூவின் குதிகால் ஸ்பாஞ்ச் பாயில் அமிழ்ந்திருந்தது. இடது கொஞ்சம் அதிகமாக. மயிலாப்பூர் மாடி ஜிம். சத்தம் தாங்கவில்லை என்று கீழ்வீட்டு ஸ்ரீஹரி சண்டைக்கு வந்ததால், மூன்று வாரம் முன்பு தரை முழுக்க விரித்த பாய். எடையைத் தள்ள வேண்டிய பலத்தில் ஒரு பங்கு, ஆடாமல் நிற்பதற்கே போய்க்கொண்டிருந்தது.

சொன்னால் சரண்யாவுக்கும் லாபம். சொல்லாவிட்டால் இருவருமே வீட்டில்.

"பாய்தாண்ணா காரணம். எடுத்துப் பாப்போம்."

"பாயை எடுத்தா, கீழ கீற மாமா ஜிம்மையே எடுத்துருவாரு."

கரோல் படியிறங்கி ஸ்ரீஹரியையே அழைத்து வந்தாள்.

"நேக்கு யார் மேலயும் விரோதம் இல்லம்மா. ஆத்துல ட்யூப்லைட் ஆடறது."

"இந்த உக்காந்து எழுற ஸ்குவாட்ல வெயிட்டைக் கீழ போட மாட்டோம் மாமா. ஸ்டாண்டுலயே வச்சிடுவோம்."

"அப்போ தொம்முனு போடறது யாரு?"

தரையிலிருந்து எடை தூக்கும் டெட்லிஃப்ட் மூலையில் நின்ற மகேஷ் சுவரைப் பார்த்தான்.

"அவன் பக்கம் இன்னொரு பாய் போடுங்கோ. இங்க எடுத்துடுங்கோ," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஸ்ரீஹரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

வெறும் மொசைக் தரை. கரோல் நூற்றுப்பத்துடன் உட்கார்ந்து எழுந்தாள். முட்டி நடுங்கவில்லை.

அடுத்து சரண்யா. நூற்றுப் பன்னிரண்டரை. சுலபமாக எழுந்தாள்.

"நூத்திப்பதினஞ்சு போடுங்கண்ணா," என்றாள் கரோல்.

உட்கார்ந்தாள். பாதி எழுந்தாள். அங்கேயே நின்றுபோனாள். அமீனும் மகேஷும் பாய்ந்து கம்பியைப் பிடித்தார்கள். இந்த முறை தரை ஆடவில்லை. கால்தான் போதவில்லை.

அமீன் படிவத்தில் சரண்யாவின் பெயரை எழுதினார்.

"மச்சி, நீ வாயத் தொறக்காம இருந்திருக்கலாம்," என்றாள் சரண்யா மெதுவாக.

"இருந்திருந்தா எனக்கு இன்னும் நூறுதான்," என்று கரோல் ஷூ லேஸை அவிழ்த்தாள்.