விலகுவோருக்கான நான்கு வினைச்சொற்கள்

தாம் எழுதியவற்றுள் மிகச் சிறந்த வாக்கியம் எது என்று எவரேனும் கேட்டிருந்தால், கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் ப்ரெய்ரி விளையாட்டுக் கூட்டமைப்பின் கையேட்டில் உள்ள பதினான்காம் விதி என்று எடித் பிரவுவர் தயங்காமல் சொல்லியிருப்பார். யாரும் கேட்டதில்லை.

"விலகல் அறிவித்த கல்லூரியின் மாணவர் எவரும், அறிவித்த நாள்முதல், கூட்டமைப்பின் சாம்பியன்ஷிப் பந்தயங்களில் கலந்துகொள்ளவோ, இடம்பெறவோ, புள்ளி ஈட்டவோ, பதக்கம் ஏற்கவோ கூடாது."

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு கல்லூரி பெரிய கூட்டமைப்பு ஒன்றுக்குத் தாவிச் சென்ற கோடையில், எடித் அதை எழுதினார். கூட்டமைப்பின் விதி அலுவலராக வருவதற்கு முன் அவர் பள்ளியில் இலக்கணம் கற்பித்தவர். விலகல் கட்டணம் என்று ஒன்று தனியே உண்டு. அதைக் கல்லூரிகள் காசோலையில் தீர்த்துவிடும். இந்த வாக்கியத்தைத் தீர்க்கக் காசோலை கிடையாது. நான்கு வினைச்சொற்களுக்கு இடையே ஒரு தாள்கூட நுழையாது என்பது அவர் நம்பிக்கை.

பிப்ரவரி மாதச் சனிக்கிழமை. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் நடந்த மூன்று நாள் நீச்சல் சாம்பியன்ஷிப் பிற்பகல் மூன்றரைக்கு முடிந்தது. மகளிருக்கான மைல் பந்தயத்தை ஜோலின் ரூஸ் என்ற பெண் பதினாறு நிமிடம் இருபத்துநான்கு வினாடியில் வென்றிருந்தாள். எட்டுக் கல்லூரி மாணவர்களும் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாவது கல்லூரியான வில்லோ ஃபோர்க் அக்டோபரிலேயே விலகல் அறிவித்துவிட்டதால், அதன் அணி வரவில்லை.

வந்தவர்கள் இருவர். பயிற்சியாளர் டெல் மக்காபி, நெப்ராஸ்காவிலிருந்து ஐந்து மணி நேரம் பனியில் கார் ஓட்டி வந்திருந்தார். அவருக்குப் பின்னால் நீச்சலுடைமீது கனத்த கோட்டு போட்டுக்கொண்டு நின்றவள் கோரின் ஸ்டாட்லர், இறுதியாண்டு மாணவி. டெல் அதிகாரிகளின் மேசைமீது ஓர் அட்டையை வைத்தார்.

"நேரச் சோதனை. மைல். ஒரே ஒரு பேரு."

போட்டி இயக்குநர் கிராண்ட் எல்லெஃப்சன் சில்லி என்னும் பீன்ஸ் குழம்புக் கிண்ணத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். "யோவ் டெல், எங்கள வேணாம்னுட்டுப் போறவங்களுக்கு எங்க தண்ணி மட்டும் எதுக்கு?"

"போறேன்னு கையெழுத்துப் போட்டது எங்க கல்லூரித் தலைவர். அவருக்கு நீச்சல் தெரியாது. நீந்தப்போறது இவ."

"அது சரி. எதுக்கு இன்னைக்கே?"

"தேசியப் போட்டிக்குப் பட்டியல் நாளைக்குக் காலைல மூடுது. பதினாறு பத்துக்குள்ள வரணும். நவம்பர்ல இவளுக்குத் தோள் போச்சு, போன வாரந்தான் சரியாச்சு. அப்புறம் இவளுக்கு வேற போட்டி இல்ல, வேற வருஷமும் இல்ல."

நேரச் சோதனை என்பது பந்தயங்கள் முடிந்தபின் கடிகாரத்தை எதிர்த்து மட்டும் நீந்துவது. நீந்துபவருக்கு எதிராளி இல்லை. எட்டிய நேரம் மட்டும் பட்டியலுக்குச் செல்லுபடியாகும். கிராண்ட் கரண்டியால் எடித்தைச் சுட்டினார். "பதினாலாம் விதி இருக்கு. கேளுங்க, அம்மா அங்கதான் இருக்காங்க."

எடித் கையேட்டைத் திறந்தார். மனப்பாடமாக இருந்தாலும் திறந்து பார்ப்பதே அவர் வழக்கம். நான்கு வினைச்சொற்களும் வைத்த இடத்தில் இருந்தன. பிறகு, யாரும் கேட்காமலேயே, முப்பத்தொன்றாம் பக்கத்துக்குத் திருப்பினார். ஒருமுறை எவனோ நேரச் சோதனையில் நீந்திவிட்டுக் கோப்பை கேட்டதால் அங்கே அவரே ஒரு வரி சேர்த்திருந்தார்: "நேரச் சோதனை சாம்பியன்ஷிப் பந்தயம் ஆகாது."

அவர் இரண்டு வாக்கியங்களையும் மாறி மாறிப் படித்தார். ஒவ்வொன்றும் குற்றமற்றது. இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரு பெண் நுழையும் அகலத்துக்கு வழி இருந்தது. ஒன்பது ஆண்டுகளாக இருந்திருக்கிறது.

"தடை இல்ல," என்றார்.

"எடித், நீங்கதான எழுதினீங்க? எழுதறப்ப இதையும் சேத்துத்தான நெனச்சிருப்பீங்க?"

"நெனச்சேன்."

"அப்புறம் என்ன?"

"நான் நெனச்சது புத்தகத்துல இல்ல, கிராண்ட். எழுதினதுதான் இருக்கு."

கிராண்ட் நான்காவது பாதையைக் காட்டினார். கோரின் கோட்டைக் கழற்றினாள்.

மைல் என்பது குளத்தை அறுபத்தாறு நீளம் கடப்பது. நீந்துபவருக்கு எண்ணிக்கை தப்பும் என்பதால், எதிர்முனையில் ஒருவர் மண்டியிட்டு, எண் பலகையைத் தண்ணீருக்குள் இறக்கிக் காட்ட வேண்டும். அது அணித்தோழியின் வேலை. கோரினுக்கு இங்கே அணி இல்லை. டெல்லுக்கோ கடிகாரம் பார்க்க வேண்டியிருந்தது.

"நான் எண்ணுறேன்," என்றாள் ஜோலின் ரூஸ். கழுத்தில் பதக்கம் இருந்தது. தலை இன்னும் காயவில்லை.

கோரின் அவளைப் பார்த்தாள். "தப்பா எண்ணிராதடி."

"உன்னோட மூணு வருஷம் நீந்தித் தோத்திருக்கேன். உன் பாதத்தப் பாத்தே எண்ணுவேன்."

முதல் இருபது நீளங்களுக்கு நீச்சல்குளம் ஏறத்தாழக் காலியாக இருந்தது. அகன்ற நீர்ப்பரப்பில் ஒரே ஒரு கோடு. திருப்பத்துக்குத் திருப்பம் பதினான்கரை வினாடி. எடித் ஆயிரக்கணக்கான நீச்சல்களுக்குச் சான்றொப்பமிட்டவர். பக்கத்துப் பாதையில் துரத்துபவர் எவருமின்றி ஒருவர் இப்படிச் சீராகச் செல்வதை அவர் கண்டதில்லை. விழுந்து தெறிக்கும் நீரின் ஓசையில்கூட ஒழுங்கு இருந்தது. அசை பிரித்துவிடலாம் போல.

முப்பதாவது நீளத்தில் யாரோ ஒருவர் பையைக் கீழே வைத்தார். நாற்பதாவதில், பேருந்தில் ஏறியிருந்த ஓர் அணி திரும்பி வந்து குளக்கரையில் வரிசையாக நின்றது. கேட்டவருக்கெல்லாம் பதில் ஒன்றே: "வில்லோ ஃபோர்க் பொண்ணு. தனியா." ஐம்பதாவதில் எட்டு நிறச் சட்டைகளும் கரை நெடுகக் கலந்து நின்றன. கோரின் மூச்சுக்குத் தலை திருப்பும் கணத்தில் மட்டும் அவள் காதில் விழும்படி, நூறு பேர் "ஹே!" என்று ஒரே எழுத்தாகக் கத்தினார்கள். அவள் முகம் நீருக்குள் போனதும் அடங்கினார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.

ஐம்பத்தாறில் அவள் தளர்ந்தாள். பதினைந்து வினாடி; அடுத்தது பதினைந்தரை. டெல் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். ஜோலின் தோள்வரை கையை நீரில் விட்டுப் பலகையை இடமும் வலமும் உலுக்கினாள். பதக்கம் குளத்தின் விளிம்பில் மோதி மோதி ஒலித்தது. கரையில் நின்றவர்கள் நடக்கத் தொடங்கினார்கள். கோரின் போகும் திசையில் அவள் வேகத்துக்கு நூறு பேரும் நடந்தார்கள். அவள் திரும்பியபோது திரும்பினார்கள். தாம் எப்போது எழுந்து நின்றோம் என்பது எடித்துக்குத் தெரியவில்லை. தண்டிக்கப்பட்ட கல்லூரிக்காக, தண்டித்த எட்டுக் கல்லூரிகளும், தண்டனையை எழுதியவரின் கண்முன்னால் நடந்துகொண்டிருந்தன. இதற்கான வினைச்சொல் அவரிடம் இல்லை.

கடைசி நீளத்துக்கு எண் இல்லை; முழு ஆரஞ்சு நிறப் பலகை. ஜோலின் அதை இறக்கினாள். கோரின் சுவரை உதைத்துத் திரும்பினாள்.

சுவரைத் தொட்டபோது யாரும் அவளைப் பார்க்கவில்லை. அனைவரும் சுவரிலிருந்த மின்பலகையில் எரிந்த எண்களைப் பார்த்தார்கள். பதினாறு நிமிடம், ஒன்பது புள்ளி எண்பத்தெட்டு வினாடி. கோரினுக்கு அது கரையில் எழுந்த ஓசையால் தெரிந்தது. டெல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எடித் முடிவுத்தாளைத் தட்டச்சிட்டார். இடம் என்ற கட்டத்தில் கணினி தானாகவே "1" என்று போட்டிருந்தது. நேரச் சோதனையில் இடம் கிடையாது. அவர் அதை அழித்தார். நேரத்தை இரண்டுமுறை சரிபார்த்துத் தேசியப் பட்டியலுக்கு அனுப்பினார்.

நீர் சொட்டச் சொட்ட மேசையருகே வந்த ஜோலின் திரையை எட்டிப்பார்த்தாள். "அழிச்சிட்டீங்களா?"

"விதி."

"என் பேருக்கு நேரா இருக்குற ஒண்ணு?"

"அதுவும் விதிதான். உன்னோடதுதான்."

ஜோலின் பதக்கத்தைத் துண்டால் துடைத்தாள். "இருக்கட்டும். வீட்ல கேட்டா, அப்புறம் என்ன நடந்ததுன்னும் சொல்லிருவேன்."

கிராண்ட் ஆறிப்போன கிண்ணத்தோடு வந்தார். "ஜூலைக் கூட்டத்துல அந்த ஓட்டைய அடைச்சிருவீங்கதான?"

"ஓட்டையா?" எடித் கையேட்டை மூடினார். "படிச்சுப் பாத்தேன். ரெண்டு வாக்கியமும் சரியாத்தான் இருக்கு."

எதிர்முனையில், எடுப்பார் யாருமின்றி, ஆரஞ்சுப் பலகை இன்னும் நீருக்குள்ளேயே சாய்ந்து நின்றது. அதை எடுத்து வைப்பது எவர் பொறுப்பு என்று கையேட்டில் இல்லை. எடித் காலணிகளைக் கழற்றிவிட்டு, ஈரத்தரையில் அதை நோக்கி மெல்ல நடந்தார்.